பப்படத்தின் மேல் ஆறாவது ஞாயிறு

வேலந்தாவளம் தாண்டி
மூடிப்போன செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு மைதானம்.
குதிரையின் பெயர் பப்படம்.
வெள்ளை உடம்பில் பழுப்புக் கொப்புளங்கள்.
யார் வைத்த பெயரோ, பசியோடு வைத்திருக்கிறார்கள்.

ஷம்லா இன்றைக்கு அங்கவடிகளைக் கழற்றிவிட்டாள்.
கடிவாள வாரும் கையில் இல்லை.
நீளக் கயிற்றின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் பப்படம்,
பப்படத்தின் மேல், யாரும் பிடித்துக்கொள்ளாத நான்.
"கையை இடுப்பில் வெச்சோ சேச்சி. தாழெ நோக்கண்டா."
தாழெதானே விழப்போகிறேன்,
இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டாமா?

நாற்பத்து நாலு வயசில் இதெதற்கு என்று
வீட்டில் கேட்கிறார்கள்.
ஞாயிறுகளில் கேட்கிறார்கள்.
ஞாயிறுகளில் நான் வீட்டில் இல்லை.

காது, தோள், இடுப்பு, குதிகால்
நாலும் கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலில் நிற்க வேண்டுமாம்.
நின்றன, பப்படம் நிற்கும்வரை.
அது ஓடத் தொடங்கியதும்
ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊருக்கு பஸ் ஏறியது.
பயத்தில் முட்டியை இறுக்கினேன்.
ஈரச் சோப்பை இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும்,
அது ஆனது.

ஆடிக் காற்று வேறு, கணவாய்க்குள் புகுந்து வருகிறது.
வட்டத்தின் ஒரு பாதியில் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது,
மறு பாதியில் முதுகில்.
காற்றைக் குறை சொல்லலாம். சொன்னேன்.
குதிரையையும் சொன்னேன்:
"அஞ்சு வாரமா வலப்பக்கமே இழுக்குதுங்க,
தவிட்டுத் தொட்டி மேலயே கண்ணு."

ஷம்லா பதில் பேசவில்லை.
என்னை இறக்கி, சேணத்தை இறக்கி,
அடியில் கிடந்த கம்பளத்தைத் திருப்பிக் காட்டினாள்.
வலது பாதி வியர்வையில் கறுத்து, மயிர் படிந்து, தட்டையாக.
இடது பாதியில் போன வாரத்துத் தூசிகூட அப்படியே.
"இது சேச்சியோட கையெழுத்து," என்றாள்.

பத்தொன்பது வருஷம்.
எடைமேடை அறையில் ஜன்னல் எனக்கு வலப்பக்கம்.
ஓலை லாரி, கோழி லாரி, எம்-சாண்ட் லாரி,
சீட்டை நீட்ட ஒரு சாய்வு, காசை வாங்க ஒரு சாய்வு,
"அண்ணா, கொஞ்சம் முன்னாடி எடுங்க" என்று கத்த ஒரு சாய்வு.
அந்த ஜன்னலை இடுப்புக்குள் வைத்துக்கொண்டுதான்
அஞ்சு வாரமாகக் குதிரை ஏறியிருக்கிறேன்.
வலப்பக்கம் போ, போ, போ என்று
நான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்,
பாவம், அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.
நானோ தொட்டியைச் சந்தேகப்பட்டேன்.

மறுபடி ஏற்றிவிட்டாள்.
இந்த முறை தெற்கே நெல்லியாம்பதி மலையைப் பார்த்தேன்.
முட்டியை விட்டேன். தொடை தானாகக் கீழே தொங்கியது,
ஈரத்துணி மாதிரி, தன் கனத்திலேயே.
பிட்டத்தின் இடது எலும்பைத் தேடினேன்.
இருக்கிறது. இத்தனை வருஷம் விருந்தாளியாக இருந்திருக்கிறது.
அதன்மேல் உட்கார்ந்ததும்
இடப்பக்கம் சரிந்துவிட்டதுபோல் இருந்தது.
"இதான் நேரே," என்றாள் ஷம்லா.
நேராக இருப்பது இவ்வளவு கோணலாகவா இருக்கும்?

பப்படம் ஒரு காதைப் பின்னால் திருப்பியது.
பதினோரு அடி. எண்ணினேன்.
முதுகு எனக்கடியில் எழுந்து வந்தது,
குலுக்கல் எங்கோ போயிற்று.
பன்னிரண்டாவது அடியில் சந்தோஷப்பட்டேன்.
சந்தோஷமும் வலப்பக்கம்தான் சாய்கிறது.
மணல் மிருதுவாகத்தான் இருந்தது.

திங்கள் இரவு பதினொன்றரை. லாரி இல்லை.
மேடையில் போய் நானே நின்றேன்.
அறைக்குள் ஓடிப்போய்ப் பார்க்க முடியாது,
ஓடினால் எடை போய்விடும்;
கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன்: எழுபது.
அறுபத்தெட்டுதான் நான்.
பத்துப் பத்தாகத்தான் இதற்கு எண்ணத் தெரியும்.
இடது காலில் நின்றேன். எழுபது.
வலது காலில். எழுபது.
நாற்பது டன் தாங்குவதற்கு
நான் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

கேரளப் பக்கமிருந்து ஒரு வண்டி ஹாரன் அடித்தது.
உள்ளே வந்து, நாற்காலியைத் தூக்கி
ஜன்னலுக்கு நேராகப் போட்டேன்.